அரை வோல்ட்

ஞாயிறு இணைப்பின் ஏழாம் பக்கத்தில், இடது ஓரத்தில் என் அறிவியல் கட்டுரை வரும். அறுநூறு சொற்கள் எழுதுவேன். விளம்பரம் அதிகமாக வந்த வாரத்தில் அது நானூற்று ஐம்பது ஆகிவிடும். முப்பது ஆண்டுகள் செய்தி மேசையில் உட்கார்ந்து மற்றவர்களின் எழுத்தைக் கீழிருந்து வெட்டியவன் நான். இப்போது என்னுடையதை வெட்டுகிறார்கள். அதில் புகார் இல்லை. முக்கியமானதை மேலே வை, போனால் பரவாயில்லை என்பதைக் கீழே வை என்பது இந்தத் தொழிலில் நுழைகிறவனுக்கு முதல் நாளே சொல்லப்படும் விதி. ஒரே ஒரு கட்டுரையில் அதை மீறினேன். அது துருவங்களுக்கு மேலே இருக்கும் மின்புலத்தைப் பற்றியது.

விஷயம் இதுதான். மிக உயரத்தில், காற்று மெலிந்துபோன இடத்தில், சூரிய ஒளி அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கிறது. மிஞ்சுபவை அயனிகள். எலக்ட்ரான் லேசானது, மேலே ஓடப் பார்க்கும். அயனி அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு கனம். பூமி அதைக் கீழே பிடித்து வைக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈர்ப்பவை என்பதால் முழுதாகப் பிரிய முடியாது. இந்த இழுபறியில் ஒரு மின்புலம் உண்டாகிறது. அது எலக்ட்ரானைத் தடுக்கும், அயனியைத் தூக்கிவிடும். மற்ற இடங்களில் பூமியின் காந்தக் கோடுகள் வளைந்து பூமிக்கே திரும்புவதால் தப்பிக்க வழி குறைவு. துருவங்களுக்கு மேலே அவை வெளியைப் பார்த்துத் திறந்து கிடக்கின்றன. அந்த வழியாக ஹைட்ரஜன் அயனிகளும், கூடவே கொஞ்சம் ஆக்ஸிஜன் அயனிகளும் ஓயாமல் வெளியேறிக்கொண்டிருக்கின்றன. இந்த ஓட்டத்தைச் செயற்கைக்கோள்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டன. மின்புலத்தை மட்டும் அளக்க முடியவில்லை, அவ்வளவு சிறியது. கடைசியில் வட துருவத்துக்கு அருகே ஒரு தீவிலிருந்து ராக்கெட் ஏவி அளந்தார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்துக்கும் சேர்த்து அரை வோல்ட்டுக்குச் சற்று மேல்.

வாசகருக்குப் புரியட்டும் என்று மூன்றாம் பத்தியில் ஓர் ஒப்புமை வைத்தேன்: 'கைக்கடிகார பேட்டரியில் பாதிகூட இல்லை; விரலை வைத்தால் தெரியாது.' கடைசிப் பத்தியில்தான் சொல்ல வந்ததைச் சொல்லியிருந்தேன். சிறியது என்பதால் அது ஒன்றும் செய்யாது என்று நினைக்கக் கூடாது, தடுக்க எதுவும் இல்லாத இடத்தில் ஓயாமல் வேலை செய்யும் சிறிய விசை ஒரு கோளின் காற்றையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவிடும் என்று எழுதியிருந்தேன். ஆவணி மாதம் அது, முகூர்த்தங்கள் நிறைய. நகைக்கடை விளம்பரம் ஒன்று வந்தது. கடைசிப் பத்தி போய்விட்டது.

நாங்கள் இருப்பது விருத்தாசலத்தில், பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரே சமயத்தில் ஒரே ஒப்பந்தக்காரர் வரிசையாகக் கட்டிய வீடுகளில். அடுத்த வீட்டுக்கும் எனக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அந்தச் சுவர் வழியாக எந்நேரமும் ஒரு சத்தம் வரும். சீரான உறுமல், சில விநாடிகளுக்கு ஒருமுறை 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் இயந்திரம் அது. அடுத்த வீட்டுக்காரர் பீங்கானுக்கான வெள்ளைக்கல்லை மாவாக அரைக்கும் மில்லில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவர். அந்த மாவு நுரையீரலில் தங்கிவிட்டது. இரண்டு ஆண்டுகளாக மூக்கில் குழாயோடு, ஜன்னல் ஓரக் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். படுத்தால் மூச்சு வராது.

என் கட்டுரையை முழுதாகப் படிக்கிற ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குச் சுவரை இரண்டு தட்டு தட்டுவார். நான் போக வேண்டும். அன்றும் தட்டினார்.

"சார், வடக்குல மட்டுந்தான் ஒழுவுதா, தெக்கயும் ஒழுவுதா?"

"ரெண்டு பக்கமும்தான்."

"மேல போன ஆக்ஸிஜன்… திரும்பி வருமா?"

"கொஞ்சம் வரும். மிச்சம் வராது."

"அடப் பாவிங்களா." மூச்சை ஒரு தரம் இழுத்துக்கொண்டார். "இங்க ஒருத்தன் நிமிசத்துக்கு ரெண்டு லிட்டருன்னு குழாய மாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கான். அங்க தொறந்து வுட்டுட்டு வேடிக்கை பாக்குறானுவ."

அவர் மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். "ஆமா, உங்களக் கேட்டுத்தான் மூடுவாங்க. மொதல்ல அந்த இட்டிலியத் தின்னுங்க, ஆறுது."

அயனி, எலக்ட்ரான் விவகாரம் அவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. சூளையோடு பழகியவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத இழுப்பு புதிதல்ல. சூளை வாசலில் துண்டுக் காகிதத்தைக் காட்டினால் அது உள்ளே சாய்வதை வைத்துத்தான் புகைபோக்கி எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பார்களாம்.

"அப்ப லேசானது ஓடப் பாக்குது, கனமானது வுட மாட்டேங்குது. கடைசில கனமானதையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிடுது. சரிதானே? நம்ம வூட்டுக் கதைதான்."

"கனமானதுன்னு யாரச் சொல்றீங்க?" என்றபடி மனைவி வந்து நின்றார். "எழுந்து நின்னா நாப்பத்தஞ்சு கிலோ இல்ல. பேச்சப் பாரு."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க ஐந்து நிமிடம் ஆனது. மனைவி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்போது மனைவியின் கால், கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த இரும்புப் பெட்டியில் பட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

அது ஸ்டெபிலைசர். எங்கள் தெருவில் மின்னழுத்தம் ஏறும், இறங்கும். அது இல்லாமல் ஆக்ஸிஜன் மெஷினை ஓட்டக் கூடாது என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். பெட்டி தரையில் இல்லை. நான்கு மூலைக்கும் நான்கு பழுப்பு நிற இன்சுலேட்டர்கள், மின்கம்பத்தில் கம்பியைத் தாங்குமே அந்தப் பீங்கான் குமிழ்கள், அவற்றின் மேல் பெட்டி உட்கார்ந்திருந்தது. இந்த ஊரில் அது விசித்திரமான காட்சி அல்ல. மேல்பூச்சில் புள்ளி விழுந்து ஒதுக்கப்பட்ட இன்சுலேட்டர் இல்லாத வீடு கிடையாது. கதவு அடிக்காமல் தடுக்க ஒன்று, பூந்தொட்டியைத் தூக்கி வைக்க மூன்று என்று எதற்காவது கிடக்கும்.

"ஷாக் அடிக்குதா?" என்று கேட்டேன்.

"ஷாக்கெல்லாம் இல்லண்ணே. ஜிவ்வுனு இருக்கும். வூடு தொடைக்கும்போது கை பட்டா எறும்பு ஊர்ற மாதிரி. வெள்ளிக்கிழம கொஞ்சம் ஜாஸ்தி."

"வெள்ளிக்கிழம ஆத்தா வர்றா" என்றார் கணவர்.

"நாலு மாசமா இப்படித்தான். இவருதான் பீங்கான் வெச்சுக் குடுத்தாரு. அதுக்கப்பறமும் இருக்குது. முன்னவிட இப்பதான் ஜாஸ்தி."

"நாலும் நல்லா வெந்த சாமான்" என்று அவர் என்னிடம் சொன்னார். "அடில நாக்க வெச்சுப் பாத்துத்தான் எடுத்தேன். நாக்கு ஒட்டல." சரியாக வேகாத பீங்கான் ஈரத்தை உறிஞ்சும், நாக்கை வைத்தால் பிடித்துக்கொள்ளும், இங்கே எல்லாரும் செய்கிற சோதனை அது. பிறகு என் கட்டுரையை விரலால் தட்டினார். "நீங்களே எழுதியிருக்கீங்க. அரை வோல்ட்டு, வெரல வெச்சாத் தெரியாதுன்னு. மேல ஆகாசத்துலயே அப்படி ஒண்ணு இழுத்துக்கிட்டு இருக்குது. யாரு செத்தா? இதுவும் அந்த மாதிரி ஒரு அரை, ஒண்ணு இருக்கும். கேட்டுக்க" என்று மனைவி பக்கம் திரும்பினார்.

மனைவி என்னைப் பார்த்தார். பத்திரிகையில் வந்ததா என்று கேட்கும் பார்வை. நான் தலையாட்டினேன். கட்டுரையில் அப்படி ஒரு வரி இருப்பது உண்மை. விரலை வைத்தால் தெரிகிற எதுவும் அரை வோல்ட்டாக இருக்க முடியாது என்பதும் உண்மை. இரண்டாவதை நான் சொல்லவில்லை. மேற்கோள் காட்டப்படுவது பிடித்திருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே வரும்போது நானும் புறங்கையால் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். லேசான அதிர்வு. அதை வைத்து எந்த முடிவுக்கும் வராமல் வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை என்ற சொல் மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. செய்தி மேசையில் ஒரே இடத்தில் ஒரே நாளில் விபத்து நடந்தால் அந்த நாளில் என்ன நடக்கிறது என்று கேட்கச் சொல்வோம். சந்தையா, பள்ளி விடும் நேரமா. அடுத்த வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு எதிர்வீட்டில் வாளி வைக்கும் சத்தம் கேட்டபோது புரிந்தது. மற்ற நாட்களில் ஈரத்துணியால் துடைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். தெரு முழுக்கவும் அப்படித்தான். வெறுங்காலோடு, தேங்கிய தண்ணீரில் நின்றுகொண்டு.

எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ கனமாக விழுந்தது. அதைத் தொடர்ந்து பிளாஸ்டிக் வாளி உருளும் சத்தம். மெஷினின் உறுமல் நிற்கவில்லை.

நான் போனபோது அவர் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தார். புடவை நனைந்திருந்தது. வலது கையை இடது கையால் பிடித்திருந்தார். விரல்கள் மடங்கியபடியே இருந்தன.

"வழுக்கி வுட்டுடுச்சு" என்றார் கணவர், கட்டிலிலிருந்து. நான் கேட்பதற்கு முன்பாகவே சொல்லிவிட்டார்.

"வழுக்கல" என்றார் மனைவி. "புடிச்சுக்கிச்சு. பொட்டிய நகத்தலாம்னு புடிச்சேன். அது என்னப் புடிச்சுக்கிச்சு. வாளி கால்ல இடிச்சுத் தடுமாறி வுழுந்தேன், அதுலதான் கை வுட்டுச்சு."

மருத்துவமனைக்கு அழைத்தேன், வரவில்லை. கணவரைத் தனியே விட முடியாது என்றார். தெருமுனை நர்ஸ் வந்து நாடி பார்த்து, இன்று முழுக்கப் படுத்திருக்கச் சொன்னார். அவர் படுக்கவில்லை. நான் எலெக்ட்ரீசியனை அழைத்தேன்.

ஊரில் எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பதினேழு வருஷம் வளைகுடாவில் பெரிய கட்டடங்களில் வயரிங் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பேச்சு குறைவு. பெட்டியின் உடம்பில் ஒரு முனையையும் ஈரத் தரையில் ஒரு முனையையும் வைத்து மீட்டரைப் பார்த்தார். மீண்டும் வைத்துப் பார்த்தார். என்னிடம் திருப்பிக் காட்டினார். நூற்றுப் பதினான்கு.

"இது அரை வோல்ட்டு இல்லீங்க" என்றேன் அடுத்த வீட்டுக்காரரிடம். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் இன்சுலேட்டர் ஒன்றைத் தட்டினார். "யாரு வெச்சது இத?"

"நான்தான்."

"மாஷா அல்லா, நல்ல வேலை. உள்ள வயரு தேஞ்சு பொட்டிக்குக் கரண்டு கசியுது. எர்த்து இருந்தா அது மண்ணுக்குப் போயிருக்கும். தரையில இருந்தாகூடக் கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கும். நீங்க தூக்கிப் பீங்கான் மேல வெச்சுட்டீங்க. இப்ப அது போறதுக்கு எடமில்ல. வர்ற கரண்டு காத்துக்கிட்டே இருக்குது. யாரு தொடுறாங்களோ அவங்கதான் வழி."

பீங்கான் தடுக்கும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குக் கைப்பழக்கம் போல. அதை வைத்துத்தான் இத்தனை சூளைகளும் எரிகின்றன. தடுத்தால் போதாது, போக வழியும் வேண்டும் என்பது அவர்கள் வேலை செய்கிற இடத்தில் யாரும் சொல்லித்தராத விஷயம். மில்லில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தவர் இந்தத் தவறைச் செய்வார்தான் என்று நினைத்தேன்.

பாய் மூன்று பின் சாக்கெட்டைக் கழற்றினார். மேல் துளையிலிருந்து எர்த்துக்கான பச்சை வயர் சுவருக்குள் போனது. இழுத்தார். ஒரு சாண் நீளம் கையோடு வந்துவிட்டது. அதன் மறுமுனை எதிலும் கட்டப்படவில்லை. பூச்சுக்குள் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"இந்த வரிசை பூரா ஒரே ஆளு கட்டினதுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எங்கள் இரு வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவரைப் பார்த்தார்.

வேலையை அவர் விளக்கினார். வெளியே குழி தோண்டி எர்த் போட வேண்டும். புது வயர் இழுக்க வேண்டும். கசிவு வந்தால் தானாகவே விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் ஒரு சுவிட்சை மெயினில் மாட்ட வேண்டும். ஸ்டெபிலைசரை மட்டும் மாற்றினால் இன்றைக்குச் சரியாகும், நாளைக்கு அதுவும் தேயும். எல்லாவற்றுக்கும் வீட்டின் மின்சாரத்தை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

"எவ்வளவு நேரம்?" முதல்முறையாக அடுத்த வீட்டுக்காரர் குரல் உயர்ந்தது.

"மூணு மணி நேரம் சொல்லலாம். சொவருக்குள்ள என்ன இருக்குதுன்னு தொறந்தாத்தான் தெரியும்."

"அப்ப வேணாம்."

"சிலிண்டர் இருக்குதுல்ல?" என்றேன். மின்தடைக்கென்று ஒன்று மூலையில் நின்றது.

"வேணாம்னு சொல்றேன்ல சார்."

மெஷின் ஒரு தரம் பெருமூச்சு விட்டது. பிறகு அவர் மனைவி கேட்டார், சத்தமில்லாமல்: "இது ஷாக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"வைகாசி மாசம், நான் ஜிவ்வுனு இருக்குதுன்னு சொன்னப்பவே தெரியுமா?"

"போன வருசம் மழையில கரண்டு போச்சே" என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார், மனைவியைப் பார்க்காமல். "சிலிண்டருல முள்ளு பாதி காட்டிச்சு. முள்ளு சிக்கிக்கிட்டிருந்தது. உள்ள ஒண்ணுமில்ல. கால் மணி நேரம். நீங்க அப்ப மெட்ராஸ் போயிருந்தீங்க." நிறுத்தி இரண்டு மூச்சு எடுத்தார். "மாசத்துக்கு ஒருவாட்டி கரண்ட நிறுத்துறாங்களே, அதுக்குப் பேப்பர்ல நேரம் போட்டுருக்கும். ஒம்போதுலேருந்து ரெண்டுன்னு. அதப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருப்பேன். எலெக்ட்ரீசியனக் கூப்புட்டா முடியற நேரம் எதுல போட்டுருக்கும்?"

பீங்கான் வைத்தது தெரியாமல் செய்த தவறு அல்ல என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஷாக் என்று தெரிந்துதான், மின்சாரத்தை நிறுத்த வேண்டிவரும் என்ற பயத்தில் வைத்திருக்கிறார். பெட்டி தன்னைத் தொடாது, கட்டில் மரம். தொடுகிறவர் ஒருவர்தான். பீங்கான் போதும் என்று தன்னையும் மனைவியையும் நம்ப வைக்க நான்கு மாதம் முயன்றிருக்கிறார். பீங்கான் போதாமல் போனபோது என் கட்டுரை வந்து சேர்ந்தது.

மனைவி எழுந்தார். ஈரப் புடவையைப் பிழிந்துவிட்டார். "பாய், எப்ப வர்றீங்க?"

"நாளைக்கு மதியம் ஜொஹர் தொழுகைக்கு முன்னாடி முடிச்சுடலாம்மா. காலைல ஏழுக்கு வரேன்."

"வாங்க. அதுவரைக்கும் நான் செருப்புப் போட்டுக்கிட்டு வூட்டுக்குள்ள நடக்குறேன்." கணவரிடம் திரும்பினார். "நீங்க மூச்சு வுடுங்க. நல்லா வுடுங்க. நான் தொடல."

மறுநாள் இரண்டு சிலிண்டர்கள் வரவழைத்தோம். முள்ளை நம்பாமல் தூக்கிப் பார்த்தே கனத்தைச் சரிபார்த்தார் மனைவி. ஏழு இருபதுக்கு மெயின் அணைந்தது. அந்த உறுமல் நின்றபோது தெருவே காது அடைத்தது போல இருந்தது. மின்விசிறியும் இல்லை. என் வேலை, அவர் விரலில் மாட்டிய, ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் கருவியைப் பார்த்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணை எழுதுவது. ஆரம்பத்தில் தொண்ணூற்று இரண்டு. எட்டு மணிக்குத் தொண்ணூறு. குழாயில் அதே இரண்டு லிட்டர்தான் வருகிறது என்று காட்டினேன். அவர் நம்பவில்லை, பயத்தில் மேல்மூச்சாக வாங்கினார். எட்டு நாற்பதுக்கு எண்பத்தேழு.

"பேசிக்கிட்டே இருங்க சார்" என்றார். "அந்த ராக்கெட்டு… எவ்வளவு நேரம் பறந்துச்சு?"

"கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல."

"அவ்வளவுதானா? அம்பது வருசமாத் தேடினத?"

"மேல போய்க் கீழ கடல்ல விழறதுக்குள்ள அளந்துட்டாங்க."

"ஒழுவுறது… என்னிக்கு முடியும்?"

"அது முடியறதுக்குள்ள சூரியனே முடிஞ்சுடும். இங்க இருக்குறவங்க கவலப்பட ஒண்ணுமில்ல." இது சரியான தகவல். கட்டுரையிலும் இருந்தது, இரண்டாம் பத்தியில்.

"நீங்க சொல்றீங்க" என்றார்.

வாசலில் கடப்பாரை மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. மனைவி குழிக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். கணவரிடம் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை வரும்போதும் பனை விசிறியால் இருபது முறை வீசிவிட்டுப் போனார், எண்ணி இருபது. பதினொன்று பத்துக்கு மெயின் வந்தது. புது ஸ்டெபிலைசர் தரையிலேயே வைக்கப்பட்டது. மெஷின் உறுமத் தொடங்கியதும் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி செருப்பைக் கழற்றினார், ஒரு சொம்பு தண்ணீரைத் தரையில் ஊற்றினார், அதில் நின்று உள்ளங்கையை முழுதாகப் பெட்டியில் வைத்தார். பாய் "அட, என்னம்மா இது" என்று பதறினார். அவர் கையை எடுக்கவில்லை. கணவர் கண்ணைத் திறந்து பார்க்கும்வரை வைத்திருந்தார்.

மதியம் எண்ணை எழுதினேன். தொண்ணூறு. மாலையும் தொண்ணூறு. ஒரு வாரம் கழித்தும் தொண்ணூறுதான். பழைய தொண்ணூற்று இரண்டு திரும்பவில்லை. அந்த நாலு மணி நேரத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று என்னால் எழுத முடியாது. அந்த நோயில் எண் இறங்கத்தான் செய்யும் என்று மருத்துவர் சொன்னார். அவர்கள் இருவரும் அதைப் பற்றி என்னிடம் கேட்கவும் இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. இரண்டாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்குச் சுவருக்கு அப்பால் உறுமல் நின்றது. என் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஆகவே மின்தடை இல்லை. ஓடினேன். பாய் மாட்டிய சுவிட்ச் விழுந்திருந்தது. மனைவி அதற்குள் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றிவிட்டிருந்தார். பாய் வந்து தேடினார். குளியலறைச் சுவரில் மழை ஈரம் இறங்கி அங்கே ஒரு பழைய இணைப்பில் கசிவு. அந்த வயரைத் துண்டித்துவிட்டு சுவிட்சை மேலே தள்ளினார். மொத்தம் இருபத்தைந்து நிமிடம்.

"இன்னும் எத்தன தடவ வுழும்?" என்று கேட்டார் அடுத்த வீட்டுக்காரர்.

"எங்க கசிஞ்சாலும் வுழும். அதுக்குத்தான் போட்டது. பழைய வூடு, மழக்காலம். நான் என்ன சொல்ல."

"அந்தச் சுவிட்ச எடுத்துட்டா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன். அவர் சிலிண்டர் திறக்கும் சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டா என்ன?" என்று மறுபடி கேட்டார். குரலில் வெட்கம் இருந்தது, ஆனாலும் கேட்டார். "நீ கடைக்குப் போயிருக்கும்போது வுழுந்தா? எனக்குத் தொறக்கத் தெம்பு இல்ல. உனக்கே தெரியும்."

"இருக்கட்டும் பாய். எடுக்காதீங்க" என்றார் மனைவி. பிறகு கணவரிடம், "கடைக்குப் போவல" என்றார்.

அப்போது அதை ஒரு பேச்சுக்குச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஐப்பசி போய்க் கார்த்திகையும் போயிற்று. சுவிட்ச் அதன் பிறகு ஆறு முறை விழுந்தது. அவர்கள் வீட்டுக் காய்கறியை என்னுடையதோடு சேர்த்து நான்தான் வாங்கி வருகிறேன். திட்டக்குடியில் தன் தம்பி மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்களை, அடுத்த வீட்டுக்காரரின் மனைவி வர முடியாது என்று பாக்கு வெற்றிலையோடு வாசலிலேயே அனுப்பிவிட்டார். போன வெள்ளிக்கிழமை தெருமுனையில் அம்மன் ஊர்வலம் வந்து நின்றது, பத்து வீடு தள்ளி. பெண்கள் எல்லாரும் தட்டோடு போனார்கள். அவரும் தட்டோடு வாசல் கேட் வரை வந்தார். அங்கே மேளத்தின் சத்தத்தில் உள்ளே மெஷின் ஓடுவது கேட்கவில்லை. ஒரு நிமிடம் நின்றார். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.